தலையீற்றுப் பசுவைக் கறவைக்குப் பழக்கும் முறை

பிசான அறுவடை முடிந்து புதுவைக்கோல் படப்பேறும் மாசி, பங்குனியில், தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்து ஊர்களிலே தலையீற்றுப் பசுவை ஆசையோடு வாங்கிக் கட்டுகிறவர்கள், அது உதைக்கிறது, பாலை எக்கிக்கொள்கிறது என்று பத்தே நாளில் சலித்துப் போவதை ஆண்டுதோறும் காண்கிறேன். பசுவின் சுபாவத்தைப் பழிப்பதில் பயனில்லை. பெரும்பாலும் அந்தத் துர்க்குணத்தை அதற்குப் போதித்தவர்கள் நாமே.

முதலாவது, ஆயத்தம். சினைமாட்டின் மடியைக் கன்று போடுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் தடவிக் கைக்குப் பழக்கிவிடுக. சீம்பால் கன்றுக்கே உரியது. கறக்கிற இடமும் ஆளும் நேரமும் மாறலாகாது.

இரண்டாவது, சங்கேதம். பால் செம்பை விரலால் மூன்று தரம் தட்டுவது என் வழக்கம்; ஒலி எதுவாயினும் ஒன்றாகவே இருக்கட்டும். செம்பொலி முன்னும் கன்று பின்னுமாக வரவேண்டும் என்பதே இங்கே கவனிக்கத் தக்கது. கன்று மடியை முட்டத் தொடங்கிய பிறகு தட்டுவது வியர்த்தம். ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லவ், ஒலியை எழுப்பி அதன்பின் உணவளித்து வந்த நாய்கள், நாளடைவில் ஒலியைக் கேட்ட மாத்திரத்திலேயே உமிழ்நீர் சுரந்ததைக் கண்டார். தொழுவிலும் அதே நியதிதான். கன்று முட்டியதும் மூளையடிச் சுரப்பியிலிருந்து ஆக்ஸிடோசின் இரத்தத்தில் கலந்து, ஏறக்குறைய ஒரு நிமிஷத்தில் பால் இறங்குகிறது. பழகிய பசுவுக்கோ செம்பொலியே போதும். அந்தச் சுரப்பின் வேகம் சில நிமிஷமே நிற்குமாதலால், ஏழு நிமிஷத்துக்குள் கறந்து முடித்துவிடுக.

மூன்றாவது, உதை. இடறுகிறவர்கள் எல்லாரும் இடறுவது இங்கேதான். காம்பில் வெடிப்போ மடியில் வீக்கமோ இருக்கிறதா, நம் நகம் வளர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுக; வலியால் உதைக்கும் மாட்டுக்கு வேண்டியது வைத்தியம். வலி இல்லையாயின், உதையினால் அதற்குக் கிடைக்கும் லாபம் என்ன என்று யோசிக்கவேண்டும். நான் முதன்முதல் பழக்கிய பசு காலைத் தூக்கும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டு, அதைச் சாந்தப்படுத்த ஒரு பிடி பருத்திக்கொட்டையும் வைத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அப்பாலிருந்து பார்த்த ஆச்சி ஒருத்தி, "மாட்ட நீயால பழக்குத? மாடுல்லா ஒன்னயப் பழக்கிக்கிட்டு இருக்கு!" என்று சிரித்தாள். பின்விளைவு இன்பமாக முடிந்த செயலையே பிராணி திரும்பச் செய்யும் என்று பூனைகளைக் கூண்டிலடைத்துப் பரீட்சித்த அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் வகுத்த விதியை, அவள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

ஆகவே, கால் ஆடும்வரை கையை மடியிலிருந்து எடுக்காதீர். புறங்கையால் தொட்டுக்கொண்டு ஒதுங்கி உட்காருங்கள். இரண்டு மூச்சு நேரம் அசையாது நின்றதும், அந்தக் கணமே கையை எடுத்துத் தீனியும் வையுங்கள். மறுநாள் இரண்டு மூச்சை நான்காக்குக. மூன்றாம் நாளில் உதை முன்னிலும் பலக்கும். பழைய உபாயம் பலிக்கவில்லையே என்று பசு ஒரு கை பார்க்கிறது. அன்று மனமிளகினால், பலமாக உதைத்தால் காரியம் ஆகும் என்ற பாடமே அதன் மனத்தில் பதியும். எப்போதாவது மட்டும் பலிக்கிற உபாயத்தைப் பிராணிகள் லேசில் விடுவதில்லை என்பதை உளவியல் அறிஞர் ஸ்கின்னர் பரீட்சித்த புறாக்கள் காட்டியிருக்கின்றன. அடிப்பது அதனினும் மோசம். அச்சத்தில் அட்ரினலின் ஊறினால் பால் இறங்காது. தளைக்கயிறு காலைத்தான் கட்டும், பழக்கத்தை மாற்றாது.

நான்காவது, கன்றை விலக்குவது. முட்டவிடும் நேரத்தை நாளுக்கு நாள் சுருக்கி, பிறகு பக்கத்தில் கட்டி, கடைசியில் கண்மறைவாக்குக. இதற்குப் பொறுமையின்றி ஊசி போடுகிறார்கள். பால் இறங்குவதற்காக மாட்டுக்குக் கேடான ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கன்று இறந்தால் தோலில் வைக்கோல் திணித்து நிறுத்துவதும் எனக்கு உவப்பில்லை. செம்பொலிக்குப் பழகிய பசுவுக்கு அந்தப் பொம்மை எதற்கு?

கறவை ஒழுங்கானபின் ஓர் எச்சரிக்கை: தீனியும் கறவையும் தொடராமல் செம்பு வீணே ஒலித்துக்கொண்டிருந்தால், கற்ற பாடம் மெல்ல அழிந்துவிடும். ஆகையால் எங்கள் வீட்டில் பால் செம்பைத் தண்ணீர் மொள்ளக்கூட எடுப்பதில்லை; பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், உத்தரத்து ஆணியில் அது தொங்குகிறது.