மருந்தும் எல்லையும்

தாம்பரத்தினின்றும் கடற்கரை நோக்கிப் புறப்படும் மின்சார இரயில் திரிசூலத்தை அடையக் கால் மணி நேரமே ஆகும். புறப்பட்டதும் முதற்கண் நிற்பது சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளர்க்கென நிறுவிய மருத்துவ நிலையமே அவ்விடத்துக்கு இப்பெயரைத் தந்தது. திரிசூலத்திலோ, நிலையத்துக்கு எதிரே விமானத்துறை விளங்குகின்றது. முன்னைய இடத்தில் உயிர் காக்கும் பொருளாய் மதிக்கப்படும் மாத்திரை, பின்னைய இடத்தில் வினாவுக்கு உரியதாகின்றது. இஃது ஏன் என்பதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவான் என மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்களை வள்ளுவர் வகுத்தார். கடல் கடந்து செல்வார்க்கு இந்நாளில் ஐந்தாவதாக ஓர் உறுப்பும் வேண்டப்படுகின்றது, அதுதான் காகிதம்.

முதலில் நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். மாத்திரை அட்டையின் இடப்பக்க மேல்மூலையில் 'ஆர்.எக்ஸ்.' என்றிருப்பின், மருத்துவர் சீட்டின்றி அதனை விற்றலாகாது. 'என்.ஆர்.எக்ஸ்.' எனச் சிவப்பெழுத்தில் இருப்பின், அது 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டத்துக்கும் உட்பட்டது. வலி தீர்க்கும் டிரமடால் 2018இல் அச்சட்டத்துள் சேர்க்கப்பெற்றது. மனத்தின்மேற் செயற்படும் இவ்வகை மருந்துகளைத் தம் நோய்க்காக ஒருவர் ஒருபோதில் நூறு மாத்திரை அளவே வைத்துக்கொள்ளலாம். நெடுநாள் நோயெனில், மருத்துவர் குறித்து எழுதிக் கொடுத்தால் முந்நூறு வரை செல்லும். கட்டுப்பாடெல்லாம் போதை பற்றியதே எனக் கருதுதல் பிழை. காசநோய் மருந்துகளும் 2014 முதல் எச்1 என்னும் பட்டியலில் உள்ளன. கடைக்காரர் அவ்விற்பனையைத் தனியேட்டிற் பதிந்து மூன்றாண்டு காத்தல் வேண்டும். முறையின்றி உண்டால் கிருமி மருந்துக்கு அடங்காது போய்விடும் என்பதே அங்குக் காரணம்.

இனிப் பிற நாடுகள். 1961, 1971ஆம் ஆண்டுகளின் உலக உடன்படிக்கைகள் பொதுவாயினும், எதனை எவ்வளவு விடுவது என்பதை ஒவ்வோர் அரசும் தானே அறுதியிடுகின்றது. சிங்கப்பூருக்குச் சொந்த மருந்தை மூன்று மாதத்துக்கு மேற்படக் கொண்டுசெல்ல முன்னனுமதி வேண்டும்; தூக்க மாத்திரை சிலவற்றுக்கும், கோடீன் சேர்ந்தவற்றுள் சிலவற்றுக்கும் அளவு குறைவாயினும் வேண்டும். ஐக்கிய அரபு நாட்டில் டிரமடாலும் கோடீனும் முன்னனுமதியின்றிப் புகா. சளிக்கு நாம் எளிதாய் விழுங்கும் சூடோஎபெட்ரின் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டிருந்தால் ஜப்பானில் முன்னனுமதியின்றிப் புகாது. மருத்துவர் சீட்டு நோயைக் காட்டுமேயன்றி அனுமதி ஆகாது. இவ்வேறுபாட்டை அறியாமையாலேயே பலர் இடர்ப்படுகின்றனர்.

சென்ற கோடை விடுமுறையில், எம் தெருவிலுள்ள பாட்டியார் ஒருவர் மகளின் பிரசவத்துக்காகத் துபாய்க்குப் புறப்பட்டார். பெட்டியிலுள்ளவற்றை ஆங்கிலத்தில் எழுதித் தருமாறு எம்மை அழைத்திருந்தார். மகளுக்குக் குருமா பிடிக்குமென்று கால் கிலோ கசகசா கட்டி வைத்திருந்தார். கசகசா அபினிச் செடியின் விதை. நம் சட்டம் அவ்விதையை விலக்கி வைத்தமையால் மளிகைக் கடையில் தடையின்றி விற்கின்றது. அரபு நாட்டிலோ அது தடுக்கப்பட்ட பொருள். இதனைச் சொன்னதும் பாட்டியார் நகைத்து, "குருமாவுக்கா ஜெயில்?" என்றார். எனினும் எடுத்துவிட்டார்.

அரிதாயிருந்தது அடுத்த பொட்டலந்தான். பக்கத்து வீட்டார், துபாயிலுள்ள தம் மகனுக்கு முதுகுவலி என்று நான்கு அட்டை மாத்திரை கொடுத்திருந்தனர். அட்டையின் மூலையில் அச்சிவப்பெழுத்து இருந்தது. மருத்துவர் சீட்டு அம்மகன் பெயரிலும் இல்லை, பாட்டியார் பெயரிலும் இல்லை. 2017இல் ஆங்கில மாதொருவர் துணைவரின் முதுகுவலிக்கென 290 டிரமடால் மாத்திரைகளை எகிப்துக்குக் கொண்டுசென்று மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற செய்தியை யாம் எடுத்துரைத்தோம்.

"பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படியப்பா மாட்டேன் என்று சொல்வது?" என்றார் பாட்டியார். அதற்கு எம்மிடம் விடை இல்லை. அவர் தமக்குரிய இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை மட்டும் அட்டை பிரிக்காமல், மருந்தின் மூலப்பெயர் எழுதிய சீட்டுடன் கைப்பையில் வைத்தோம். பொட்டலத்தை யாமே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தோம். அவ்வீட்டார் வாங்கி உள்ளே வைத்தனர். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாட்டியார் பேரனைக் கண்டு திரும்பி இரண்டு மாதமாகின்றது. அவ்வீட்டார் இன்னும் அவருடன் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.