ஒரு புகைப்படச் செயலியை அலசுவது எப்படி? இன்ஸ்டாகிராமை வைத்து ஒரு பயிற்சி

ஒரு செயலியைப் பயன்படுத்திவிட்டு ‘அருமை’ என்றோ ‘ஒரே குழப்பம்’ என்றோ சொல்வது வெறும் கருத்து. எந்தத் திரையில், யாருக்கு, எதனால் குழப்பம் வந்தது என்று ஆதாரத்தோடு காட்டினால்தான் அது பகுப்பாய்வு. பயனர் அனுபவ வடிவமைப்பு பயில்கிறவர்களுக்கு இன்ஸ்டாகிராம் நல்ல பயிற்சிக்களம். பலருடைய போனிலும் ஏற்கெனவே இருக்கிறது; 2010 முதல் அது செய்த மாற்றங்கள் பலவும் ஊரறிந்தவை. உங்களுக்குத் தேவை ஒரு போன், ஒரு நோட்டுப் புத்தகம், உதவ முன்வரும் ஐந்து பேர்.

1. பயனரின் வேலையை எழுதுங்கள்

இன்ஸ்டாகிராமின் நிறுவனர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரம் முதலில் உருவாக்கியது ‘பர்பன்’ என்ற செயலி. இருக்கும் இடத்தைப் பதிவிடுவது, நண்பர்களோடு திட்டம் போடுவது, படம் பகிர்வது என்று அதில் பல வசதிகள் இருந்தன. அவரும் இணை நிறுவனர் மைக் க்ரீகரும் மற்றவற்றைக் கழித்துவிட்டு, படம், லைக், கமெண்ட் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2010 அக்டோபர் 6 அன்று இன்ஸ்டாகிராம் வெளியானது.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். பயனர் எதற்காகச் செயலியைத் திறக்கிறார்? மூன்று வேலைகளை அவருடைய சொற்களில் எழுதுங்கள்: ‘எடுத்த படத்தைப் போட வேண்டும்’, ‘என் ஆட்கள் போட்டதைப் பார்க்க வேண்டும்’, ‘என் படத்தை யார் பார்க்கலாம் என்று நான் முடிவு செய்ய வேண்டும்’. இனி எல்லாவற்றையும் இந்த மூன்றை வைத்தே அளக்க வேண்டும்.

2. பாதையை நடந்து பாருங்கள்

முதல் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்யுங்கள். ஒவ்வொரு திரையையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வரிசையாக அடுக்குங்கள். எத்தனை தட்டல்கள், எத்தனை இடங்களில் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். திரைக்குத் திரை மூன்று கேள்விகள்: அடுத்து என்ன செய்வதென்று தெரிகிறதா? தட்டியதும் என்ன நடந்தது என்று செயலி சொல்கிறதா? மனம் மாறினால் திரும்ப முடிகிறதா?

தேதியையும் செயலியின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு பேருடைய போனில் இரண்டு வடிவங்கள் தெரிவது சாதாரணம்.

3. வேகத்தைச் சோதியுங்கள்

தொடக்ககால இன்ஸ்டாகிராமின் கெட்டிக்காரத்தனம் இங்கே தெரியும். பயனர் படத்துக்கான வரிகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே படம் பின்னணியில் சர்வருக்கு ஏறத் தொடங்கிவிடும். லைக் தட்டினால் சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் இதயம் உடனே நிறம் மாறும். இணைப்பின் வேகம் கூடவில்லை. காத்திருக்கும் உணர்வு குறைந்தது.

பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாக்கோப் நீல்சன் தரும் எல்லைகள் இதை அளக்க உதவும்: 0.1 நொடிக்குள் நடந்தால் உடனடியாக நடந்ததாகத் தோன்றும்; 1 நொடி வரை சிந்தனை ஓட்டம் அறுபடாது; 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். சிக்னல் குறைந்த இடத்தில் முயன்று பாருங்கள். படம் ஏறும்போது நடுவில் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். படம் என்ன ஆனது என்று செயலி சொல்கிறதா, எழுதிய வரிகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

4. விதிகளோடு ஒப்பிடுங்கள்

நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து விதிகள் இன்றும் கைகொடுப்பவை. இரண்டை மட்டும் இங்கே பொருத்திப் பார்ப்போம். படத்தை இரண்டு முறை தட்டினால் லைக் விழுவது பழகியவருக்கு நல்ல குறுக்குவழி. ஆனால் ஒருவருடைய பழைய படங்களைப் பார்க்கும்போது தவறித் தட்டுவதற்கும் அதுவே வழி. தவறைத் தடுப்பது ஒரு விதி. தவறிலிருந்து மீள உதவுவது இன்னொன்று. நீக்கிய பதிவை 30 நாள் வரை மீட்கும் வசதி 2021-இல் வந்தது. இரண்டாவது விதிக்கு அது நல்ல சான்று.

காணும் ஒவ்வொரு குறைக்கும் 0 முதல் 4 வரை கடுமை எண் கொடுங்கள். 0 என்றால் குறையே இல்லை. 4 என்றால் உடனே சரிசெய்ய வேண்டியது.

5. மாற்றம் யாருக்காக என்று கேளுங்கள்

பகுப்பாய்வின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. 2016-இல் பதிவுகளின் கால வரிசை போய், நிரல் தீர்மானிக்கும் வரிசை வந்தது. 2020 நவம்பரில் படம் போடும் பொத்தான் கீழ்வரிசையிலிருந்து மேலே போனது. ரீல்ஸும் கடையும் கட்டைவிரல் எட்டும் கீழ்வரிசைக்கு வந்தன. 2022-இல் கால வரிசை ஒரு தேர்வாகத் திரும்பியது, ஆனால் இயல்பான நிலையாக அல்ல. அதே ஆண்டு ஜூலையில் முழுத்திரை ஃபீட் சோதனை எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2023-இல் படம் போடும் பொத்தான் கீழே திரும்ப, கடை விலகியது.

இன்று உங்கள் திரையின் கீழ்வரிசையில் என்னென்ன இருக்கின்றன? முதல் படியில் எழுதிய மூன்று வேலைகளுக்கும் அங்கே இடம் உண்டா? நிறுவனத்துக்கு வருமானம் வேண்டும், அது நியாயம். ஆனால் அதற்காகப் பயனர் கூடுதலாகத் தேட வேண்டியிருந்தால், அந்த விலையை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும்.

6. எல்லோருக்கும் எட்டுகிறதா?

பொத்தானின் அளவைப் பாருங்கள்: ஆப்பிள் 44 புள்ளிகளையும், ஆண்ட்ராய்டு 48 டிபியையும் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கின்றன. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே நிற வேறுபாடு 4.5:1 இருக்க வேண்டும். போனின் எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். தமிழில் மேல் கீழ்க் குறிகள் வெட்டுப்படுகின்றனவா என்று கவனியுங்கள். திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக் அல்லது வாய்ஸ்ஓவரை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு படத்தைப் பதிவிட முயலுங்கள். பார்வையற்றோருக்காகப் படத்தை விவரிக்கும் மாற்று உரை வசதி 2018 முதல் உள்ளது. அதைத் தேடிச் சேர எத்தனை தட்டல்கள் ஆகின்றன என்று எண்ணுங்கள்.

7. ஐந்து பேரைக் கவனியுங்கள்

ஒரே வகைப் பயனர்களில் ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்பது நீல்சனின் கணிப்பு. அதனால் மாணவர் ஐவரோ, போன் புதிதாகப் பழகும் பெரியவர்கள் ஐவரோ என்று முதலில் முடிவு செய்யுங்கள். சோதனை செயலிக்குத்தான், அவர்களுக்கு அல்ல என்பதைச் சொல்லிவிடுங்கள். திரையைப் பதிவு செய்வதானால் சம்மதம் கேளுங்கள்.

பணியைச் சொல்லும்போது பொத்தானின் பெயரை உச்சரிக்காதீர்கள். ‘ஆர்கைவைத் திறங்கள்’ என்றால் விடையைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ‘நேற்று ஸ்டோரியில் போட்டு மறைந்துபோன படத்தை எடுத்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும்போது வாய் திறக்காதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது என்பதைத்தான் நீங்கள் குறிக்க வேண்டும்.

8. அறிக்கை எழுதுங்கள்

ஒவ்வொரு குறையையும் ஐந்து வரியில் அடக்குங்கள்:

- இடம்: எந்தத் திரை
- நடந்தது: என்ன பார்த்தீர்கள், எத்தனை பேரிடம்
- காரணம்: எந்த விதி மீறப்பட்டது
- கடுமை: 0 முதல் 4 வரை
- பரிந்துரை: என்ன மாற்றலாம்

கடுமையின்படி வரிசைப்படுத்தி, முதல் மூன்றுக்கு மட்டும் மாற்றுத் திரைகளைக் காகிதத்தில் வரையுங்கள். வரைந்ததை நீங்கள் கவனித்த அதே ஐவரிடம் காட்டி அதே பணியைச் செய்யச் சொல்லுங்கள். நன்றாக இருப்பவற்றையும் எழுதுங்கள். அடுத்த மாற்றத்தில் அவை தொலையாமல் இருக்க அந்தக் குறிப்பு உதவும். சிரமப்படுகிற பயனர் பெரும்பாலும் தன்னையே குறை சொல்லிக்கொள்வார். தவறு திரையில் இருக்கும்போது அதைச் சான்றோடு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். உங்கள் அறிக்கை அந்த வேலையைச் செய்யட்டும்.