குதிகால் வலி: ஊசிக்கு முன்னால் ஒரு துண்டு

காலையில் முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி ஏறுவது போல வலி. பத்து அடி நடந்தால் தணியும், நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடிக்கும். இப்படியென்றால் பெரும்பாலும் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள்வரை ஓடும் தடித்த சவ்வில்தான் கோளாறு. டாக்டர் பிளாண்டர் ஃபேசியைட்டிஸ் என்று எழுதியிருப்பார். எக்ஸ்ரேயில் 'முள்' தெரிகிறதென்று கலங்க வேண்டாம். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அது இருக்கிறது.

பத்தில் எட்டுப் பேருக்காவது கத்தி படாமல் ஓராண்டுக்குள் சரியாகிவிடும். ஆனால் நம் ஆட்கள் ஊசியில் ஆரம்பித்து, பயிற்சிக்குக் கடைசியில்தான் வருகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

முதலில் செருப்பு. கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடப்பதை இன்றே நிறுத்துங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா முகம் சுளித்தால், வீட்டுக்கென்றே தனியாக ஒரு மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வாங்கிவிடுங்கள். ஷூ போடுபவர்களுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண குதி மெத்தை போதும். பாதத்துக்கு அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த இன்சோல் அதைவிடப் பெரிதாக எதையும் சாதிப்பதில்லை.

அடுத்தது நீட்டல். வலிக்கிற காலை மறு தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் கணுக்காலின் முன்பக்கம் நோக்கி மடக்கி இழுங்கள். உள்ளங்காலைத் தடவினால் கயிறு மாதிரி விறைத்திருக்க வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்து, பத்து முறை. தினம் மூன்று வேளை. காலை வேளை மட்டும் கட்டிலைவிட்டு இறங்குவதற்கு முன்பே. பாத்ரூம் போய், காபியும் குடித்துவிட்டு வந்து செய்தால் அந்த முதல் அடியின் அடி ஏற்கெனவே விழுந்திருக்கும்.

இனி துண்டு. டென்மார்க்கில் 48 பேரை வைத்து நடந்த ஆய்வில், நீட்டல் செய்தவர்களைவிட, விரல்களுக்கடியில் துண்டு வைத்துக் குதிகாலை உயர்த்தும் பயிற்சி செய்தவர்கள் மூன்று மாதத்தில் நன்றாகவே முந்தியிருந்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது இது சீக்கிரம் கரை சேர்க்கிறது, அவ்வளவே. அந்த 'அவ்வளவே' எனக்குப் போதும்.

மாடிப்படியின் விளிம்பில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். விரல்கள் மட்டும் அதன்மேல் ஏறி, மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். பலர் சுருளைப் பாதத்தின் நடுவில் வைத்துவிடுகிறார்கள். அப்போது கெண்டைக்கால்தான் வேலை செய்யும், சவ்வு இறுகாது. குதிகால் படிக்கு வெளியே நிற்கட்டும். வலிக்கிற கால் ஒன்றில் மட்டும் நின்று மூன்று எண்ணி ஏறுங்கள், இரண்டு எண்ணி நில்லுங்கள், மூன்று எண்ணி இறங்குங்கள். கைப்பிடியைத் தொடுவது விழாமல் இருக்கத்தான், உடம்பைத் தூக்க அல்ல. ஒற்றைக் காலில் முடியாவிட்டால் சில நாள் இரண்டு காலிலும் செய்யலாம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். முதல் இரண்டு வாரம் 12 முறை வீதம் மூன்று செட். பிறகு முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு மாட்டிக்கொண்டு 10 முறை, நான்கு செட். இன்னும் இரண்டு வாரம் கழித்துக் கனத்தைக் கூட்டி 8 முறை, ஐந்து செட். கடைசி முறை உண்மையிலேயே திணற வேண்டும். சுலபமாக இருக்கிறதென்று முப்பது முறை செய்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எண்ணிக்கையைக் குறை, புத்தகத்தைக் கூட்டு. செய்யும்போது ஓரளவு வலிக்கும். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் மட்டும் கனத்தைக் குறையுங்கள். முதல் வாரத்திலேயே பலனில்லை என்று விடுபவர்கள்தான் அதிகம். மூன்று மாதம் கணக்கு வையுங்கள்.

இடையில் வலி தாங்காவிட்டால், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்தின் கீழ் பத்து நிமிடம் உருட்டலாம். வலி மாத்திரை சில நாளைக்குச் சரி. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது. சூடான செங்கல்மேல் எருக்கிலை வைத்து மிதிக்கும் பாட்டி வைத்தியம் இதமாக இருக்கும். ஆனால் சர்க்கரையால் கால் மரத்தவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள், சுடுவதே தெரியாது.

ஸ்டீராய்டு ஊசி வேகமானது, ஆனால் பலன் சுமார் ஒரு மாதம்தான். திரும்பத் திரும்பப் போட்டால் குதியின் கொழுப்பு மெத்தை தேயலாம், சவ்வே கிழியலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரையும் சில நாள் எகிறும். மகள் கல்யாணம் பதினைந்து நாளில் என்றால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் துண்டை மடித்து வைக்காதீர்கள். ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அசையாத வலிக்கு ஷாக்வேவ் எனும் அதிர்வலை சிகிச்சை: வாரம் ஒன்றாக மூன்று முதல் ஐந்து அமர்வு. செய்யும்போது வலிக்கும், பலன் தெரியச் சில வாரமாகும். சொந்த ரத்தத்திலிருந்து பிரித்துப் போடும் பி.ஆர்.பி. ஊசி மெதுவாக வேலை செய்யும், செலவும் கூடுதல், தயாரிக்கும் முறையும் இடத்துக்கு இடம் மாறும். என் வரிசையில் அது ஷாக்வேவுக்குப் பின்னால்தான்.

படுத்திருக்கும்போதும் விடாத வலி, மரமரப்பு, வீக்கம், காய்ச்சல் இருந்தால் இவற்றில் எதையும் தொடங்காமல் டாக்டரைப் பாருங்கள். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் விறைத்தால் மூட்டுவாத நிபுணரிடம் போங்கள்.