உட்கரு இல்லாத செல்

பள்ளியில் செல்லின் படம் வரையும்போது பெரிய வட்டம் ஒன்று போட்டு, நடுவில் சின்ன வட்டம் போடுவோம். அந்தச் சின்ன வட்டம்தான் உட்கரு. அது இல்லாமல் செல்லே கிடையாது என்ற நம்பிக்கை நமக்குள் பதிந்தது அப்படித்தான். ஆனால் நம் உடலில் எண்ணிக்கையில் மிகுந்த சிவப்பணுவுக்கே உட்கரு கிடையாது.

எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது அதற்கும் உட்கரு உண்டு. முதிரும் தறுவாயில் அதை வெளியே தள்ளிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவையும் இழக்கிறது. காலியான இடத்தை ஹீமோகுளோபின் நிரப்புகிறது, ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி மூலக்கூறுகள். மைட்டோகாண்ட்ரியா இல்லாததால், சுமந்து போகும் ஆக்சிஜனில் துளியும் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை; குளுக்கோஸை ஆக்சிஜன் இல்லாமலே உடைத்துப் பிழைக்கிறது. தன்னைவிடக் குறுகலான ரத்தத் தந்துகிகளிலும் மடங்கி நுழைந்துவிடும். இதற்கு அது கொடுக்கும் விலை ஆயுள். பழுதான புரதத்தைப் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லாமல் சுமார் 120 நாளில் தேய்ந்துபோகிறது. (கோழியின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. அதைக் கைவிட்டவை நம்மைப் போன்ற பாலூட்டிகள்தான்.) நம் சிவப்பணுவில் உட்கருவும் அதிலுள்ள டிஎன்ஏவும் இல்லாததால், ரத்தத்தில் டிஎன்ஏ பரிசோதனை செய்யும்போது வெள்ளையணுக்களிலிருந்துதான் டிஎன்ஏ எடுக்கிறார்கள்.

ரத்தம் வெறும் திரவம், எலும்பு உயிரற்ற கட்டை என்பது அடுத்த நம்பிக்கை. இரண்டுமே இணைப்புத் திசு வகையைச் சேர்ந்தவை. ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். ரத்தத்தில் செல்கள் பிளாஸ்மாவில் மிதக்கின்றன. எலும்பில் அவை கால்சியம் படிந்த கெட்டியான பொருளுக்குள் உயிரோடு இருக்கின்றன. பழைய எலும்பைக் கரைக்கும் செல்லும் புதிதாகக் கட்டும் செல்லும் ஓயாமல் வேலை செய்வதால்தான் முறிந்த கை கூடுகிறது.

என்னை மிகவும் வருத்தும் நம்பிக்கை ஒன்று உண்டு: “கொடுத்த ரத்தம் திரும்ப வராது.” ரத்த தான முகாமுக்குக் கிளம்பிய மகனை வாசலிலேயே மறித்து அழுத தாயைப் பார்த்திருக்கிறேன். அவர் பயம் பாசத்தால் வந்தது, தகவல்தான் தவறு. பெரியவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. முகாமில் எடுப்பது 350 அல்லது 450 மில்லி. குறைந்த திரவம் ஓரிரு நாளில் ஈடாகிவிடும். சிவப்பணுக்களுக்குச் சில வாரங்கள் ஆகும். நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல் சிவப்பணுக்களை உருவாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம் என்ற இடைவெளி, உடல் முழுதாகத் தேறுவதற்காக வைத்தது.

பீட்ரூட் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்பார்கள். நல்ல காய்தான். ஆனால் அதன் சிவப்பு வேறு நிறமி. ஹீமோகுளோபினோடு அதற்கு உறவில்லை, இரும்புச்சத்தும் அதில் குறைவு. ரத்தசோகை உள்ளவர் பீட்ரூட்டை மட்டும் நம்பி மருத்துவரைத் தள்ளிப்போடக் கூடாது.

ரத்தம் குறைந்தவருக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுக்கச் சொன்ன பாட்டிகள் சொன்னது சரி. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். தேய்ந்துபோன சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் இரும்பு பிரித்தெடுக்கப்படும் இடம் அது. ஆட்டின் சிவப்பணுக்கள் அங்கே விட்டுப்போன இரும்பு, நம் வீட்டுக் குழம்பு வழியாக நம் மஜ்ஜைக்கு வந்து சேர்கிறது.