ஆங்கிலப் பன்மையிற் பழைய விதிகள்

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் 'ஸ்' விகுதி பெற்றுப் பன்மையாகும் என்பது நாம் இளமையிற் கற்ற விதி. 'புக்' என்பது 'புக்ஸ்' ஆம். 'சர்ச்' போன்று சீறொலியில் முடிவன 'சர்ச்சஸ்' என ஓரசை மிகப்பெறும். இதனைக் கற்ற மாணவன், பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்' பன்மையில் 'ஃபீட்' ஆதலையும், எருதைக் குறிக்கும் 'ஆக்ஸ்' 'ஆக்ஸன்' ஆதலையும் காணுங்கால், இம்மொழிக்கு விதியே இல்லை போலும் என மனஞ்சோர்கின்றான். அஃது அவ்வாறன்று. இவை பழைய விதிகளின் எச்சங்களே.

கி. பி. 1100க்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திற் பன்மை காட்டும் முறைகள் பல இருந்தன. 'ஸ்' ஈறு அவற்றுள் ஒன்றே.

முதலாவது, உயிர்த்திரிபு. 'ஃபுட்', 'டூத்', 'கூஸ்', 'மேன்' முதலியவற்றின் மூலச்சொற்கள் மிகப் பழங்காலத்தில் இகரமுடைய பன்மை விகுதி பெற்றிருந்தன. பின்வரும் இகரத்தை நோக்கிய நா, முன்னுள்ள உயிரையும் அதன்பாற் சாய்த்து ஒலித்தது. நாளடைவில் இகரம் தேய்ந்தொழியத் திரிந்த உயிரே பன்மைக்கு அடையாளமாயிற்று.

இரண்டாவது, 'ன்' ஈறு. 'ஆக்ஸன்' இவ்வகை. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திற் சகோதரரைக் குறிக்கும் 'பிரெதரன்', பசுக்களைக் குறிக்கும் 'கைன்' என்பனவும் இவ்வீறு பெற்றவை. 'சில்ட்ரன்' என்பதோ இரட்டைப் பன்மை. 'ரகர' விகுதியாற் பன்மையாகி நின்ற சொல்லோடு 'ன்' ஈறும் பின்னர்ச் சேர்ந்தது. 'அவர்' என்னும் பன்மையோடு 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்கின்றோமன்றோ? ஆதலின் குழந்தைகள் என்னும் பொருளிற் 'சில்ட்ரன்ஸ்' என்று எழுதுவோர் மூன்றாம் பன்மையும் சூட்டுகின்றனர்!

மூன்றாவது, விகுதி பெறாமை. 'ஷீப்', 'டீர்' என்பன இரண்டெண்ணிலும் ஒருபடியே நிற்கும். வினையே எண்ணை உணர்த்தும். 'மாடு மேய்ந்தது', 'மாடு மேய்ந்தன' எனப் பால்பகா அஃறிணைப் பெயரை வழங்கும் நமக்கு இது புதிதன்று.

காலப்போக்கில் 'ஸ்' ஈறே பரவிற்று. 'புக்' என்பதும் ஒருகால் உயிர்திரிந்து பன்மையான சொல்லே. எனினும் மனிதர், குழந்தை, பாதம், பல், எருது என நாடோறும் நாவிற் பயின்ற சொற்கள் தம் பழைய வடிவை விடவில்லை.

ஆதலின், மாணவர்காள்! இச்சொற்களை விலக்குகளின் நீண்ட பட்டியலாக நெட்டுருச் செய்யற்க. இனம் பிரித்துக் கற்மின்; ஒன்றை அறியின் அதன் இனத்தன பலவும் மனத்தில் நிற்கும்.