சர்வீஸ் முடிந்த நாலாம் நாள் எஞ்சின் கொதித்தால்...

கேள்வி: என்னிடம் இருப்பது 2016 மாடல் டீசல் கார். ரேடியேட்டர் ஹோஸில் கசிவு இருந்ததால் சேலத்தில் வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்ஷாப்பில் விட்டேன். ஹோஸ், வாட்டர் பம்ப் இரண்டையும் மாற்றி, கூலண்ட் ஊற்றி 9,200 ரூபாய் வாங்கினார்கள். நாலாம் நாள் குடும்பத்தோடு தர்மபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. உடனே ஓரங்கட்டினேன். அதுவரை டெம்பரேச்சர் முள் ஏறவே இல்லை. வண்டியைக் கட்டி இழுத்து அதே ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவந்தேன். ஹெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, கேஸ்கெட் போய்விட்டது, ஹெட் வளைந்துவிட்டது, 82,000 ஆகும், சூடானது தெரிந்தும் நீங்கள் ஓட்டியதுதான் காரணம் என்கிறார்கள். வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றால் கழற்றிய கூலியும், நாளுக்கு 300 ரூபாய் பார்க்கிங்கும் கேட்கிறார்கள். பில் என்று தந்தது ஒரு துண்டுச் சீட்டு. பணம் யுபிஐயில் போனது. நஷ்டஈடு கிடைக்குமா? இன்சூரன்ஸ் தருமா?
— வாசகர், சேலம்

பதில்: நஷ்டஈட்டைப் பிறகு பார்ப்போம். இன்றைக்கே ஒர்க்ஷாப்புக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "நான் எழுத்தில் சொல்லும்வரை எஞ்சினில் கை வைக்க வேண்டாம். பழைய ஹோஸ், கிளாம்ப், கேஸ்கெட், தெர்மோஸ்டாட் எதையும் எறிய வேண்டாம். பேட்டரியைக் கழற்ற வேண்டாம்." அதையே ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பிவிடுங்கள். இதுபோன்ற வழக்குகளில் வண்டிக்காரர்கள் பெரும்பாலும் தோற்பது சட்டம் கைவிட்டதால் அல்ல. ஹெட்டை லேத்துக்கு அனுப்பி, பழைய கேஸ்கெட்டைக் குப்பையில் போட்ட பிறகு வக்கீலைத் தேடி வருவதால்தான்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்கள் பக்கம் நிற்கக்கூடிய சட்டம். காசு வாங்கிச் செய்த வேலை தரமாக இல்லையென்றால் அது பிரிவு 2(11)-இன்படி சேவைக் குறைபாடு. ஆனால் சர்வீஸுக்குப் பிறகு கெட்டது என்பதும், சர்வீஸால் கெட்டது என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டிய பாரம் புகார்தாரரான உங்களுடையது.

அதனால் எஞ்சின் ஏன் கொதித்தது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். கிளாம்ப் சரியாக இறுகாமல் கூலண்ட் வழிந்து போயிருந்தால், ஹோஸ் முனையில் காய்ந்த கறை இருக்கும். கூலண்ட் மாற்றியபின் உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றாமல் விட்டிருந்தாலும், ஊருக்குள் ஓடும்போது தாக்குப்பிடிக்கும் வண்டி ஏற்றத்தில் பாரம் கூடும்போது கொதித்துவிடும். புதுப் பம்பே கோளாறாக இருக்கலாம். இவை மூன்றும் அவர்கள் தலையில் விழும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டதோ, வருஷக்கணக்காக வெறும் தண்ணீர் ஊற்றியதால் ரேடியேட்டர் துருவும் உப்பும் படிந்து அடைத்ததோ காரணம் என்றால் கதை மாறும். உள்ளே துருப் படிவத்தைப் பார்த்தால் அது நாலு நாளில் வந்ததில்லை என்று எந்த மெக்கானிக்கும் சொல்வார்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் இன்னொன்றும் சொல்வார். கேஸ்கெட் முன்பே லேசாகப் போயிருந்தது, சிலிண்டர் வாயு கூலண்டுக்குள் புகுந்து அழுத்தம் கூடியதால்தான் முதலில் ஹோஸே கசிந்தது என்பார். நடக்கக்கூடியதுதான். அப்படியானால், கசிவோடு வந்த வண்டியை பிரஷர் டெஸ்ட் செய்து பார்க்காமல் ஏன் அனுப்பினீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்கலாம். முன்பே வண்டி சூடானதா, அதை அவர்களிடம் சொன்னீர்களா என்பதை எனக்கு மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்தது, சூடானது தெரிந்தும் ஓட்டினீர்கள் என்ற குற்றச்சாட்டு. இதை அலட்சியம் செய்யாதீர்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 73-இன் விளக்கப்படி, நஷ்டத்தைக் கணக்கிடும்போது அதைத் தவிர்க்க உங்களுக்கு இருந்த வழியும் பார்க்கப்படும். சிவப்பு விளக்கு எரிந்தும் பத்து கிலோமீட்டர் ஓட்டியவருக்கு ஈடு குறையும். முள் ஏறவில்லை என்கிறீர்கள். கேட்பவர் நம்ப மாட்டார், ஆனால் அதற்கு நியாயமான விளக்கம் உண்டு. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலண்டில் முங்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலண்ட் முழுக்க வடிந்துவிட்டால் முள் பேசாமல் இருக்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். அந்த நிலைமை வந்தது என்றால் கசிவு நடந்தது என்றுதானே பொருள்! அவர்கள் எறியும் கல்லே உங்களுக்குச் சாட்சியாகலாம். கண்ட்ரோல் யூனிட்டை ஸ்கேன் செய்தால் பதிவான எச்சரிக்கைக் குறியீடும், அந்த நேரத்து வேகமும் வெப்பமும் கிடைக்க வாய்ப்புண்டு. குறியீட்டை அழித்துவிட்டால் அது போயிற்று. பேட்டரியைக் கழற்றக் கூடாது என்றது இதனால்தான்.

பரிசோதனைக்கு உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயரையோ, பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரையோ அழைத்து வாருங்கள். தேதியை முன்கூட்டியே ஒர்க்ஷாப்புக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வராவிட்டால் அது அவர்கள் பாடு, 'எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்தது' என்று பிறகு சொல்ல முடியாது. ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது என்ற அளவும், கேஸ்கெட் எந்த இடத்தில் எரிந்திருக்கிறது என்பதும் அறிக்கையில் இருக்கட்டும். மாற்றிய பம்பும் ஹோஸும் பொருள் என்ற வகையில் கோளாறாக இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38(2)(c)-இன்படி நுகர்வோர் ஆணையமே சோதனைக்கூடத்துக்கு அனுப்பலாம். ஆனால் அதை மட்டும் நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறார்களே, அது சரியா? ஓரளவு சரி. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170, உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர் கூலி கிடைக்கும்வரை பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. கழற்றிப் பார்க்க நீங்கள் சம்மதித்திருந்தால் அந்தக் கூலியைத் தர வேண்டியதுதான். சும்மா நிறுத்தி வைத்ததற்கான வாடகை இந்தப் பிரிவில் வராது. முன்பே பேசாத பார்க்கிங் கட்டணத்துக்காக வண்டியை மறிக்க அவர்களுக்கு உரிமையில்லை. கூலியை மட்டும், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதி, வங்கி வழியாகக் கட்டி வண்டியை எடுங்கள்.

துண்டுச் சீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். முறையான பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடவடிக்கை. யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் உரையாடல் இரண்டையும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63-இன் சான்றிதழோடு இணையுங்கள்.

இன்சூரன்ஸ் பக்கம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வழக்கமான மோட்டார் பாலிசியில் இயந்திரப் பழுதும் தேய்மானமும் விலக்கு. எஞ்சின் பாதுகாப்புக்குத் தனியாகப் பிரீமியம் கட்டியிருந்தால் அதன் நிபந்தனைகளை எடுத்துப் படியுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? ஹெட், கேஸ்கெட், லேத் கூலி, இழுத்து வந்த செலவு, வண்டி இல்லாத நாட்களின் பயணச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை. புது எஞ்சின் கேட்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். 2006-இல் மாருதி நிறுவனம் தொடர்பான வழக்கில், உத்தரவாதப்படி குறைபாடுள்ள பாகத்தை மாற்றித் தருவதே கடமை, முழுக் காரையும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது புதுக்கார் விவகாரம் என்றாலும், அளவுக்கு மீறிக் கேட்பவரிடம் ஆணையம் காட்டும் மனநிலை இங்கும் அதேதான்.

சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு செய்யலாம். நீங்கள் ஒர்க்ஷாப்புக்குக் கொடுத்த தொகையை வைத்துத்தான் ஆணையத்தின் அதிகார எல்லை கணக்கிடப்படும். அந்தத் தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணமே இல்லை. காலவரையறை 2 ஆண்டுகள். முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள்.

நோட்டீஸ் போனதும் சமரசப் பேச்சு வரலாம். பாகங்களின் விலையை நீங்கள் தாருங்கள், கூலி வேண்டாம் என்பார்கள். நிபுணர் அறிக்கை கிளாம்பையோ காற்றுத் தேக்கத்தையோ தெளிவாகக் காட்டினால் ஏற்காதீர்கள். காரணம் இரண்டு மூன்றாக இருக்கலாம் என்று அறிக்கை மழுப்பினால் ஏற்றுக்கொள்ளுங்கள். செய்யும் வேலைக்கு 6 மாத உத்தரவாதமும் ஜிஎஸ்டி பில்லும் எழுத்தில் வாங்கிய பிறகு.