ஒரே நீர், இரு பணிகள்: பக்ரா அணை உணர்த்தும் பாடம்

அணையில் தேங்கும் நீரைக் கொண்டு மின்சாரம் எடுப்பதும், அதே நீரை வயலுக்குப் பாய்ச்சுவதும் பல்நோக்குத் திட்டங்களின் அடிப்படைக் கருத்தாகும். சுழலியை இயக்கிய நீர் குறைந்துவிடுவதில்லை. அப்படியே கீழிறங்கிக் கால்வாயை அடைகிறது. ஆகவே இவ்விரு பணிகளுக்கும் இடையே போட்டியே இல்லை எனத் தோன்றக்கூடும். போட்டி உண்டு, ஆனால் அது நீரின் அளவைப் பற்றியதன்று, நீர் தேவைப்படும் காலத்தைப் பற்றியது. சட்லெஜ் ஆற்றின் பக்ரா அணை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது.

இமாச்சலப் பிரதேசத்தில் அமைந்துள்ள இவ்வணையை 1963 அக்டோபர் 22-ஆம் நாள் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார். இதன் உயரம் சுமார் 226 மீட்டர். இதன் நீர்த்தேக்கமான கோவிந்த சாகர், சுமார் 934 கோடி கன மீட்டர் கொள்ளளவுடன் அமைக்கப்பட்டது. பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான் மாநிலங்களின் வயல்கள் இதன் நீரைப் பெறுகின்றன.

நாள்தோறும் எழும் முரண்பாடு

மின் தேவை மணிக்கு மணி மாறும். மாலையில் உச்சத்தை எட்டி, நள்ளிரவில் தணியும். அதற்கேற்பச் சுழலிகளின் வழியே விடப்படும் நீரும் கூடிக் குறையும். கால்வாய்க்கோ சீரான ஓட்டம் வேண்டும்; இல்லையேல் கரைகள் பழுதுறும், கடைமடை உழவர்க்கு முறைநீர் தவறும். இதற்குத் தீர்வாக, சுமார் 13 கிலோமீட்டர் கீழே நங்கல் அணை கட்டப்பட்டது. ஏறியிறங்கும் நீரை அது தன்னிடம் தாங்கி, சீராக்கி, நங்கல் நீர்மின் கால்வாயில் விடுகிறது. அந்நீர் வழியிலுள்ள கங்குவால், கோட்லா மின்நிலையங்களையும் இயக்கிய பின்னரே பாசனத்திற்குச் செல்கிறது.

பருவந்தோறும் எழும் முரண்பாடு

மே 21 முதல் செப்டம்பர் 20 வரை, பனி உருகிவரும் நீராலும் பருவமழையாலும் அணை நிரப்பப்படுகிறது. எஞ்சிய மாதங்களில் தேக்கிய நீர் கோதுமை முதலிய பயிர்களுக்காக வெளியேற்றப்படுகிறது. நீர்மட்டம் 1,680 அடியிலிருந்து 1,462 அடி வரை இறங்கலாம். மட்டம் தாழத் தாழ, ஒவ்வொரு கன மீட்டர் நீரும் தரும் மின்சாரம் குறையும். மின்சாரம் ஒன்றே நோக்கமாயின், மட்டத்தை உயரத்திலேயே வைத்திருப்பது ஆதாயம். பாசனத்தின் பொருட்டு அவ்வாதாயத்தில் ஒரு பகுதி விட்டுக்கொடுக்கப்படுகிறது.

வெள்ளத் தடுப்போ இவ்விரண்டிற்கும் மாறாக, அணையில் வெற்றிடம் கோருகிறது. 1988 செப்டம்பர் இறுதியில் அணை நிறைந்திருந்த வேளையில் பெருமழை பெய்தது; பஞ்சாப் கடும் வெள்ளத்திற்கு உள்ளாயிற்று. வண்டல் படிந்து கொள்ளளவு சுருங்கிவருவதால், இத்தகைய முடிவுகள் மேலும் கடினமாகின்றன.

பயனும் விலையும்

நீர்த்தேக்கத்தில் பழைய பிலாஸ்பூர் நகரும் பல சிற்றூர்களும் மூழ்கின. இடம்பெயர்ந்தோரில் பலர் இன்றைய ஹரியாணாவின் ஹிசார் பகுதியில் குடியேற்றப்பட்டனர். நீரின் பயன் சமவெளியைச் சேர, அதன் விலையை மலைமக்கள் செலுத்தினர். திட்டத்தின் வரவுசெலவை மதிப்பிடுவோர் இதனைக் கணக்கிலிருந்து விலக்கலாகாது.

அணை கட்டி முடிந்தவுடன் திட்டம் நிறைவுறுவதில்லை. எந்த நாளில், எவ்வளவு நீர், யாருக்கு என்ற முடிவு ஆண்டுதோறும் புதிதாக எடுக்கப்பட வேண்டியதாகும். அம்முடிவின் செம்மையிலேயே பல்நோக்குத் திட்டத்தின் வெற்றி அடங்கியுள்ளது.